பழகிய கண்ணும் பழகாத கையும்

ஒரு தொழிலில் இருபது, முப்பது ஆண்டுகள் ஊறியவரிடம் கடைசியில் சேர்வது எது? அந்தத் தேர்ச்சி அவர் கையில் குடியிருக்கிறதா, கண்ணிலா? ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சும்மா எழுவதில்லை. கை நடுங்கத் தொடங்கினால், கருவி மாறிவிட்டால், உடம்பு ஒத்துழைக்க மறுத்தால் நம்மிடம் என்ன மிஞ்சும் என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. எனக்கும் அந்த அச்சம் உண்டு. அது தலைகாட்டும்போதெல்லாம் மைக்கேல் பெர்ரி என்ற ஆங்கிலேயச் சிற்பியை நினைத்துக்கொள்வேன்.

மைக்கேலும் அவருடைய இரட்டைச் சகோதரர் ஆலனும் செய்வது, கட்டைவிரலில் பாதி உயரமே உள்ள போர்வீரர்களை. மேசைமேல் குன்றும் ஆறும் வேலியும் அமைத்து, படைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கான உருவங்கள் அவை. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களை வைத்துப் போர் ஆடுவதற்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு நூலே எழுதினார். இன்று இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. 1970களின் இறுதியில் சிட்டடெல் மினியேச்சர்ஸ் நிறுவனத்துக்கு உருவங்கள் செய்யத் தொடங்கிய இந்தச் சகோதரர்கள், பிறகு வார்ஹாமர் விளையாட்டுக்காகப் படை படையாகச் செய்து குவித்தார்கள்.

வேலை லேசானதல்ல. உருவத்தின் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். மெல்லிய கம்பியை வளைத்து முதலில் எலும்புக்கூடு செய்வார்கள். அதன்மேல் எபாக்ஸி புட்டி. நீலமும் மஞ்சளுமாக வரும் இரண்டு பட்டைகளை, குழாய் ஒழுகினால் நாம் எம்-சீல் பிசைவோமே, அப்படிப் பிசைந்தால் பச்சையாகிவிடும். கொஞ்ச நேரம்தான் இளக்கம். பிறகு இறுகத் தொடங்கும். ஆகவே உடலைச் செய்து காயவிட்டு, அதன்மேல் கால்சட்டை; அது காய்ந்தபின் மேல்கோட்டு; அதற்கும் மேலே தோல்வார், தோட்டாப் பை. கருவியின் நுனியை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புட்டி அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முழங்கை மடங்கினால் துணியில் சுருக்கம் எங்கே விழும், முதுகுப்பை கனத்தால் தோள் எந்தப் பக்கம் சரியும் என்பதெல்லாம் அந்தச் சிறு அளவிலும் பிசகக் கூடாது. மடிப்புகளை இயல்பைவிடச் சற்று ஆழமாகவே எடுப்பார்கள். வாங்கிச் செல்பவர் வண்ணம் தீட்டும்போது நிழல் தங்க இடம் வேண்டும். பிறகு இந்த உருவத்தைக்கொண்டு எடுக்கும் ரப்பர் அச்சு கிழியாமல் உலோக வார்ப்பு வெளியே வர வேண்டும் என்பதையும் செய்யும்போதே மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பழைய போர்களை அந்தக் காலத்து உடையணிந்து நடித்துக்காட்டும் நிகழ்ச்சிகளிலும் மைக்கேலுக்கு ஈடுபாடு உண்டு. 1996இல் பிரான்சில் நடந்த அப்படியொரு நிகழ்ச்சியில் அவர் பீரங்கிக்கு மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது அது வெடித்துவிட்டது. வலது கை போயிற்று. அதுநாள்வரை அத்தனை வீரர்களையும் செய்த கை அது. அதன்பின் அவர் இடது கையால் செய்யப் பழகிக்கொண்டார்.

மனஉறுதி என்று ஒரு சொல்லில் பாராட்டிவிட்டு இதைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பழக்கத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிறேன். புதிதாகக் கற்பவனுக்கு ஒரு சலுகை இருக்கிறது. அவன் கை எவ்வளவு பழகாததோ, கண்ணும் அவ்வளவு பழகாதது. தான் செய்த கோணல் முகம் அவனுக்கு அழகாகவே படும். அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்ததைச் செய்கிறான். கண்ணும் கையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சேர்ந்தே வளர்கின்றன. கை மாற்றிக்கொண்ட கலைஞனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தோள் இம்மியளவு தாழ்ந்திருப்பது அவன் கண்ணுக்குத் தெரியும். கைதான் சொன்ன பேச்சைக் கேட்காது. எது நல்ல வேலை என்று முழுக்க அறிந்த ஒருவன், மட்டமான வேலையைத் தன் கையாலேயே செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உடல்வலி ஆறிய பிறகும் இந்த வலி நீடிக்கும்.

நடுவயதுக்குப்பின் எதையாவது புதிதாகத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வயதாகிவிட்டது, மண்டையில் ஏறவில்லை என்பார்கள். ஏறத்தான் செய்கிறது. ஒரு துறையில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவருக்கு இன்னொன்றில் தட்டுத்தடுமாறுவது பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் வருத்துகிற அந்தக் கண்தான் மைக்கேலுடைய முதலும். இடது கை எதைச் செய்ய வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. எப்படிச் செய்வது என்பதை மட்டும் கற்றால் போதும். துணி எப்படி விழும், குதிரை எப்படிக் கால் ஊன்றும் என்பதை வலது கை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தவறிழைத்துத் தவறிழைத்துக் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஆசிரியர் போய்விட்டார்; பாடம் இருந்தது. 2001இல் சகோதரர்கள் பெர்ரி மினியேச்சர்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படங்களையொட்டி, வார்ஹாமரை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட உருவங்களில் பெரும்பகுதி அவர்கள் செய்தவை.

இன்று அந்தத் தொழிலில் புட்டியின் இடத்தைக் கணினி பிடித்துவருகிறது. திரையில் உருவத்தைச் செதுக்கி, முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள். கம்பியும் புட்டியுமாக வளர்ந்த மூத்தவர்கள் பலருக்கு, எந்த விபத்தும் இல்லாமலே அதே சோதனை வந்திருக்கிறது. எந்தத் தொழிலில் இருந்தாலும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒருநாள் அது வரும்.

தேர்ச்சி கைவழியே வந்து கண்ணில் சேர்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கையும் கருவியும் போகலாம், சேர்ந்தது போவதில்லை. அதை மறுபடி வெளியே கொண்டுவர, சில காலம் மோசமாகச் செய்வதைச் சகித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சில காலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் பொறுமையும் தேவைப்படுகிறது. வீட்டில் ஒரு பெரியவர் புதிதாக எதையோ எடுத்துக்கொண்டு தடுமாறும்போது, ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்டுவிடுகிறோம். அவர் தடுமாறட்டும். தான் தடுமாறுவது நம்மைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். அது தெரிவதால்தான் அவரால் தேற முடியும்.