தைலமரமும் காயாம்பூவும்

திண்டிவனத்திலிருந்து வானூர் பக்கம் போனால் செம்மண் மேடுகளில் தைலமரத் தோப்புகள் வரிசை கட்டி நிற்கும். பார்த்தவுடன், “தண்ணி குடிக்கிற மரம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுகிறோம். அந்த மரத்தோடு நமக்குள்ள உறவு அவ்வளவுதான்.

கொஞ்சம் நின்று, தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துப் பாருங்கள். ஒரே காம்பில் 7, 9, 11 என்று மொட்டுகள் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு மொட்டின் தலையிலும் கொம்பைப் போல நீண்டு கூர்ந்த ஒரு மூடி. இதழ்களாக விரிய வேண்டியவையே ஒன்றிணைந்து அந்த மூடியாகியிருக்கின்றன. வேளை வந்ததும் அது கழன்று மண்ணில் விழும். உள்ளே மடங்கிக் கிடந்த வெண்ணிற மகரந்தத் தாள்கள் வட்டமாக விரியும். தன்னை மூடியிருந்ததை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கிறது இந்த மரம். தியானத்தில் அமர்கிறவர்கள் இதை ஒருமுறையாவது கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தக் கூர் மூடிதான் இந்த இனத்தின் அடையாளம். யூகலிப்டஸ் டெரெடிகார்னிஸ் என்று 1795-இல் பெயர் சூட்டினார்கள். நம் சமவெளித் தோப்புகளில் பெரும்பாலும் இதுவும் இதன் கலப்பினங்களும்தான். ஊட்டியில் நிற்பது குளோபுலஸ் என்னும் வேறு இனம். அதன் மொட்டு பெரியது, சொரசொரப்பானது, இலைக்கக்கத்தில் தனியாக இருக்கும். டெரெடிகார்னிஸுக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமும் நியூகினியும். அங்கே அதன் இலை கோலாவுக்கு உணவு, பூவின் தேன் பழந்தின்னி வௌவாலுக்கும் கிளிகளுக்கும் விருந்து. அங்கே அதை யாரும் பழிப்பதில்லை. இங்கே நெருக்கி நட்டதும், சில வருடத்துக்கு ஒருமுறை வெட்டிக் காகித ஆலைக்கு ஏற்றுவதும் நாம். பழியை மட்டும் மரத்தின் தலையில் வைக்கிறோம். அது நியாயமில்லை.

நம் நாவல் மரமும் இதே குடும்பம்தான். நாவல் பூவை உற்றுப் பார்த்தால் அதன் இதழ்களும் சேர்ந்தே ஒரு சிறு மூடிபோல உதிர்வது தெரியும். கடல் கடந்த உறவு ஒன்று நம் குளக்கரையிலேயே நிற்கிறது.

இந்தக் கடற்கரைக்கே உரிய காடும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனாரப்பன் கோயிலைச் சுற்றி இன்னும் மிஞ்சியிருக்கிறது. மழை குறைந்த கரையிலும் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத காடு. சோழமண்டலக் கரையில் இப்படிப்பட்ட காடுகள் இன்று துண்டு துண்டாக, பெரும்பாலும் கோயில்காடுகளாகவே பிழைத்திருக்கின்றன. சாமி காடு என்ற பயபக்திதான் கோடரியைத் தள்ளி நிறுத்தியது.

அங்கே நிறைய நிற்பது காயா. எதிரெதிராக அமைந்த தடித்த இலை, தொட்டால் தோல்போல் இருக்கும். பூவைக் கிளை நுனியில் தேடக்கூடாது. இலை உதிர்ந்த பழைய கணுக்களை ஒட்டி, கருநீலச் சிறு கொத்தாகப் பூத்திருக்கும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று நாவாரப் பாடுகிறோம். அந்த வண்ணத்தைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? பெருமாளின் நிறம் இந்த மண்ணில் பூக்கிறது. பார்க்காமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். ஒரு மரத்தை இன்னது என்று பொறுமையாக அறிவதும் பக்திதான் என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த முறை புத்துப்பட்டுக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காயா எது என்று கேளுங்கள். காசா என்றும் அதற்குப் பெயர் உண்டு. கிளையை ஒடிக்காமல், கூட வந்த பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.