விலகலும் அன்பும்

பெருந்தொற்றுக் காலத்திலே பிறரைவிட்டு விலகியிருத்தல் அன்பின்மையாகுமோ? ஆகாதென்க. தன் மூச்சே அயலானுக்கு நஞ்சாகலாமென்று அஞ்சி ஒதுங்குபவன் அவனுயிரையுந் தன்னுயிர்போற் பேணுகின்றான்.

ஆயின், உடல் விலகுதல் வேறு. உள்ளம் விலகுதல் வேறு. 2020 மார்ச்சு மாதத்திலே கொரோனா நோய் பரவாவண்ணம் இலங்கையிற் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நாடெங்கும் ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டது. ஆசிரியர் பலர் கைத்தொலைபேசி வாயிலாகப் பாடங்களை அனுப்பி மாணாக்கரோடு தொடர்பு விடாதிருந்தனர். அது போற்றத்தக்கதே. அக்கருவியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பலரோ பாடமும் விசாரிப்புமின்றித் தனித்தனர். ஊரடங்கு தளர்ந்த நாளிலே அவர் படலைக்கு வெளியே நின்று, பெயர்சொல்லி அழைத்து, பாடமெழுதிய தாளொன்றை வைத்து மீண்டோர் நம்முள் எத்துணையர்?

ஆசிரியர்காள்! கருவி எட்டாதவிடத்துக் கால் எட்டுதல் வேண்டும். இன்னுமொரு நோய் வருமுன்னரே, எவ்வீட்டுப் பிள்ளை தனித்துப்போகுமென அறிந்துவைத்தல் நமது கடனாம்.