45 மைலுக்கு மேல் வேண்டாம்

அக்டோபரில் ஒரு வாரம் லீவு போட்டு, பைக்கில் மலைப்பக்கம் போவதென்று நானும் நண்பரும் முடிவு செய்துவிட்டோம். எந்தச் சாலை என்பதில்தான் இன்னும் பேச்சு ஓயவில்லை. இருவரும் வடக்கு கரோலினாவில் வசிப்பவர்கள். மேற்கே சில மணி நேரம் ஓட்டினால் அப்பலாச்சியன் மலைகள். நண்பருக்கு டென்னசி எல்லையிலுள்ள ‘டெயில் ஆஃப் த டிராகன்’ மீது கண். 11 மைலுக்குள் 318 வளைவுகள் என்று சொல்லும்போதே அவர் குரல் ஏறிவிடும். அங்கிருந்து இன்னொரு மலைப்பாதை, மறுநாள் வேறொன்று என்று நான்கு மாநிலங்களுக்குத் திட்டம் வைத்திருக்கிறார்.

நான் கேட்பது ஒரே சாலை: ப்ளூ ரிட்ஜ் பார்க்வே. வர்ஜீனியாவின் ராக்ஃபிஷ் கேப்பில் தொடங்கி, மலை முகட்டை ஒட்டியே வளைந்து வளைந்து வடக்கு கரோலினாவின் செரோக்கீ என்ற ஊரில் முடிகிறது. மொத்தம் 469 மைல். “இரண்டு நாளில் முடிந்துவிடுமே, அதற்கு ஒரு வாரமா?” என்கிறார் நண்பர். நியாயமான கேள்விதான். என் பதில் அந்தச் சாலை கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

இது ஊருக்கு ஊர் சரக்குக் கொண்டுபோகப் போட்ட சாலை அல்ல. லாரிகளுக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. டேங்க் காலியானால் கீழே இறங்கி ஏதாவது ஊருக்குப் போய் நிரப்பிக்கொண்டு ஏறவேண்டும். பெரும்பகுதியில் மணிக்கு 45 மைல்தான் உச்ச வேகம். பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை தருவதற்காக 1935-இல் பணி தொடங்கியது. வடிவமைப்புப் பொறுப்பை ஏற்ற ஸ்டான்லி அபட் அப்போது இருபதுகளில் இருந்த நிலவமைப்புக் கலைஞர். எந்த வளைவில் பள்ளத்தாக்கு திறக்கவேண்டும், எங்கே மரங்கள் நெருங்கி மறைக்கவேண்டும், எங்கே வண்டியை ஓரங்கட்டி நிற்கவேண்டும் என்பதெல்லாம் யோசித்து அமைத்தவை.

கடைசித் துண்டு திறக்க 1987 ஆயிற்று. கிராண்ட்ஃபாதர் மலையைக் குடைந்து காயப்படுத்தாமல் எப்படித் தாண்டுவது என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது. முடிவில் சரிவின் பாறைகளைத் தொட்டும் தொடாமலும் வளையும் லின் கோவ் பாலம் எழுந்தது. 153 கான்கிரீட் துண்டுகள்; ஒன்றைத் தவிர எதுவும் நேரானதில்லை. அடுத்த துண்டை வைக்க, அதுவரை கட்டிய பாலத்தின் மேலேயே வந்து நின்று வேலை செய்தார்கள். ஒரு மலைக்காக இவ்வளவு பொறுமை காட்டிய இடத்தை 70 மைல் வேகத்தில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பைக்கில் போகிறவருக்கு இந்தச் சாலை காரில் போகிறவருக்குக் கிடைக்காத ஒன்றைத் தருகிறது. மொத்தம் 26 சுரங்கப்பாதைகள். வெயிலிலிருந்து உள்ளே நுழையும் நொடியில் கண் இருண்டுவிடும். கழுத்தில் குளிர் ஏறும். பாறையின் ஈர வாடை ஹெல்மெட்டுக்குள் வரும். எஞ்சின் சத்தம் சுவரில் மோதித் திரும்பும். சில சுரங்கங்கள் உள்ளேயே வளைகின்றன. அங்கே கியரைக் குறைத்து, நிதானமாகத்தான் போகமுடியும்.

ஆனால் அழகை மட்டும் பார்ப்பதற்காக நான் நிதானத்தைக் கேட்கவில்லை. 176-ஆம் மைலில் மேப்ரி மில் என்ற பழைய தண்ணீர் ஆலை இருக்கிறது. குளத்தில் அதன் நிழல் விழ, எல்லாரும் படமெடுக்கும் இடம். பக்கத்திலுள்ள மரக்கட்டைக் குடிசை அந்த ஆலைக்காரர்கள் வாழ்ந்த வீடு அல்ல. அவர்களுடையது பலகைச் சுவர் வைத்த மாடி வீடு. அதை இடித்துவிட்டு, பழமையாகத் தெரியவேண்டும் என்று வேறிடத்திலிருந்து குடிசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். தென்முனையில் செரோக்கீ பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தின் வழியாக இந்தச் சாலை வருவதைப் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். வழிநெடுக ஆணியே இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கிய சாம்பல்நிற மரவேலிகளைப் பார்க்கலாம். அவை செஸ்ட்நட் மரத்தால் ஆனவை. இந்த மலைக்காடுகளை ஆண்ட அந்த மரங்கள் வெளிநாட்டுப் பூஞ்சை நோயில் அழிந்தன. இவையெல்லாம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு காட்சியை ரசிக்கிறவர், அதற்காக எதை அப்புறப்படுத்தினார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு நேரம் ஒதுக்காத பயணம் எனக்கு வேண்டாம்.

ஒரு வாரத்தில் எத்தனை சாலைகள் பார்த்தோம் என்று கணக்குச் சொல்லும் ஆசை எனக்குப் புரியாததல்ல. லீவு அரிதாகக் கிடைக்கிறவர்களுக்குக் கிடைத்ததை நிரப்பிவிடத்தான் தோன்றும். ஆனால் வேலைநாட்களை அப்படித்தானே கழிக்கிறோம், ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தொட்டுக்கொண்டு? விடுமுறையும் அதே கதியில் ஓடவேண்டுமா?

2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் புயலில் வடக்கு கரோலினாப் பகுதியில் சாலை பல இடங்களில் சரிந்தது. கட்டம் கட்டமாகத்தான் சீர்செய்து திறக்கிறார்கள். கிளம்பும் நாளில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மூடியிருக்கும் இடத்தில் கீழே இறங்கி ஊர்கள் வழியாகச் சுற்றிப் போகலாம். அதற்கும் சேர்த்துத்தான் ஒரு வாரம் கேட்கிறேன். நண்பர் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. கடைசி நாள் காலை டிராகன் வாலுக்கு என்று சொல்லியிருக்கிறேன். செரோக்கீயிலிருந்து அது ஒன்றும் அதிக தூரமில்லை.