குழல்வாயின் பிசிறு

ஏர் ரைபிள் குறி தவறினால் பலரும் முதலில் குழலின் நீளத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் பார்ப்பது அதன் கடைசி ஒரு மில்லிமீட்டரை. உள்ளே சுருண்டு வரும் புரிகள் முடிந்து வெளிக்காற்று தொடங்கும் வட்ட விளிம்பு. கிரவுன் என்பார்கள்.

பெல்லட் எனப்படும் ஈயக் குண்டின் தலை முதலில் வெளியே வந்துவிடும். பாவாடைபோல் விரிந்த பின்பகுதிதான் கடைசியாகக் குழலை விட்டு நீங்கும். அப்போது பின்னாலிருக்கும் அழுத்தக் காற்று விளிம்பைச் சுற்றிலும் ஒரே சீராகப் பீறிட வேண்டும். ஒரு பக்கம் கீறலோ பிசிறோ இருந்தால் காற்று அங்கே முந்திக்கொள்ளும். பாவாடை ஒருபுறம் தள்ளப்படும். பெல்லட் தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பும். இறகுப்பந்தைப்போல அதன் வடிவமே போகப்போக ஆட்டத்தை அடக்கிவிடும். ஆனால் வாசலில் வாங்கிய தள்ளலை அது திருப்பித் தருவதில்லை.

*

என்னிடம் இருப்பது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் சாதாரண உள்நாட்டு ரகம். 4.5 மி.மீ. விட்டம், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல். உரிமம் தேவைப்படாத வகை. மொட்டைமாடிச் சுவர் ஓரமாகப் பழந்துணி அடைத்த பெட்டி, அதன்மேல் அட்டை. அவ்வளவுதான் என் களம்.

*

உலோகத்தில் கைவைக்கும் முன் ஆட்டம் பார்க்க வேண்டும். கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் ஸ்பிரிங் உதைப்பில் தாமாகவே தளரும். குழல் மடங்கும் அச்சில் தளர்வு இருந்தால், பக்கவாட்டில் அசைக்கும்போது மெல்லிய ‘டொக்’ கேட்கும். என்னுடையதில் குறிபார்க்கும் பின் சைட் உடம்பில், முன் சைட் குழலில். அச்சு ஆடினால் இரண்டும் ஒவ்வொரு முறையும் வேறு உறவில் உட்காரும். இதைக் கவனிக்காமல் கிரவுனைத் தேய்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. திருகை முறுக்குவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

*

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பெல்லட்டைக் கையால் தள்ளிப் பார்ப்பது. ஸ்பிரிங் ஏற்றாமல், பின்வாயில் ஒரு பெல்லட்டை வைத்துப் பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ள வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தைக் கை படிக்கிறது. நுழைவில் ஒரு எதிர்ப்பு: பாவாடையில் புரிகள் பதிகின்றன. பிறகு சீரான வழுக்கல். நடுவில் எங்காவது சட்டென்று தளர்ந்தால் அங்கே குழல் அகன்றிருக்கிறது. சொரசொரவென்று இழுத்தால் ஈயம் படிந்திருக்கிறது. மீன் தூண்டில் நரம்பில் துணித்துண்டைக் கட்டிச் சிலமுறை இழுத்தாலே அது பெரும்பாலும் போய்விடும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். ஏர் ரைபிள் குழலின் எஃகு மிருதுவானது.

வெளியே வந்த பெல்லட்டை லென்ஸில் பார்க்க வேண்டும். புரித் தடங்கள் சுற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா? பாவாடையில் ஒரே ஒரு ஆழமான கோடு தெரிந்தால் பின்வாயில் பிசிறு இருக்கிறது. என்னுடையதில் இருந்தது. நுண்ணிய எமரித் தாளைக் குச்சியில் சுற்றி, நுழைவு விளிம்பை மட்டும் லேசாக மழுக்கினேன். அடுத்துத் தள்ளிய பெல்லட்டில் அந்தக் கோடு இல்லை.

வாய்ப்பக்கம் நெருங்கும்போது கொஞ்சம் இறுகினால் நல்லது. லோதர் வால்தர் போன்ற ஜெர்மன் குழல்களில் முனையில் வேண்டுமென்றே ஒரு குறுகல் வைத்திருப்பார்கள். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பெல்லட்டுகளுக்குள் இருக்கும் சிறு அளவு வேறுபாடுகளை அந்த இடம் கடைசியாக ஒருமுறை சமன்செய்து அனுப்புகிறது. குழலை அழகுக்காக வெட்டிக் குட்டையாக்குகிறவர்கள் இந்தக் குறுகலையும் சேர்த்தே வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

குழல் முழுவதும் பேஸ்ட் தடவி உள்ளே தேய்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்ததைத் திரும்ப ஒட்டவைக்க எந்தப் பட்டறையிலும் வழி கிடையாது.

*

கிரவுனைப் பற்றிக் கேட்க லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். “லேத்துல அஞ்சு நிமிச வேலைதான் தம்பி. சென்டர் பிடிக்கத்தான் ஒரு மணி நேரம் ஆகும்” என்றார். குழலின் வெளிவட்டமும் உள்ஓட்டையும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாதாம். நாலு தாடை சக்கில் மாட்டி, டயல் முள்ளை ஓட்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்துப் பிடிக்க வேண்டுமாம். அப்புறம், “துப்பாக்கி சமாச்சாரம், இங்க வேண்டாம்” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டு வழி ஒன்று உண்டு. அதற்கு மையம் பிடிக்கவே தேவையில்லை. உருண்டைத் தலைப் பித்தளைத் திருகு ஒன்று. கைத் துரப்பணத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். தலையில் இருசக்கர வண்டிக் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட், நைஸ் ரகம். முதலில் குழலுக்குள் வாயிலிருந்து ஒரு விரல் ஆழத்தில் பஞ்சை அடைத்துவிட வேண்டும், துகள் உள்ளே இறங்காமலிருக்க. உருண்டைத் தலையை ஓட்டையில் பொருத்தி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே துரப்பணத்தின் பின்புறத்தை எட்டு வடிவில் அசைக்க வேண்டும். கோளம் ஒன்றை வட்ட ஓட்டையில் வைத்தால் அது தானாகவே நடுவில் போய் உட்காரும். அண்ணனின் ஒரு மணி நேரம் இங்கே மிச்சம்.

அவசரம் ஆகாது. சிறிது சுற்றுவது, துடைப்பது, லென்ஸில் பார்ப்பது. முதலில் பிறைபோல ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு தெரிந்தது. விளிம்பு சாய்ந்திருந்ததற்கு அதுவே சாட்சி. பிறை வளர்ந்து முழு வட்டமாகி, எங்கும் ஒரே அகலம் வந்ததும் நிறுத்த வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு வெளியே இழுத்தேன். பஞ்சிழை எங்கும் சிக்கவில்லை. பஞ்சடைப்பைப் பின்வாயிலிருந்து முன்னோக்கித் தள்ளி எடுக்க வேண்டும். வாய்ப்பக்கமாகக் கிண்டினால் துகள் உள்ளே விழும். பிறகு சுத்தத் துணி, பலமுறை. ஈயமும் பேஸ்ட்டும் பட்ட கையைச் சோப்பால் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

*

மெரினாவில் பலூன் சுடும் கடை ரைபிள்களின் வாய்களை யாராவது லென்ஸில் பார்த்தால் வருத்தப்படுவார்கள். பலூன் பெரியது. மன்னித்துவிடுகிறது.

10 மீட்டர் போட்டி அட்டை மன்னிக்காது. அதன் பத்தாம் வட்டம் 0.5 மி.மீ. புள்ளி, ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையே 2.5 மி.மீ. 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கடைசிக் குண்டுக்கு முன் இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் 689.7 என்று சமநிலையில் நின்றார்கள். பிந்த்ரா 10.8, ஹாக்கினன் 9.7. கணக்குப் போட்டால், மையத்திலிருந்து விலகிய தூரத்தில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் 2.75 மி.மீ. ஒருவருக்குத் தங்கம், மற்றவர் வெண்கலத்துக்கு இறங்கினார், இடையில் சீனாவின் ஜூ சினான் நுழைந்துவிட்டதால். அந்த மட்டத்தில் குழலை யாரும் வீட்டில் தேய்ப்பதில்லை. குழலை அசையாமல் பிணைத்துவைத்து, எந்த பேட்ச் பெல்லட் அதற்கு ஒத்துவருகிறது என்று சோதித்து, அந்த பேட்ச்சையே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். குழலைப் பெல்லட்டுக்கு மாற்றுவதைவிடப் பெல்லட்டைக் குழலுக்கு மாற்றுவது எளிது.

*

ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் எகிறுகிறது. இத்தனையும் பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே நடக்கிறது. உள்ளங்கைமேல் சும்மா கிடக்கவிட்டால், அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கும். ஒரே மாதிரி நடக்கும் ஆட்டத்தைச் சைட் திருகில் கழித்துவிடலாம்.

இன்று மாலை குரூப், அதாவது அட்டையில் விழுந்த துளைகளின் கூட்டம், நன்றாகச் சுருங்கியிருந்தது. மொத்தமாகச் சற்று இடப்பக்கம் நகர்ந்தும் இருந்தது. சைட்டைத் திருப்பிச் சரிசெய்தேன். 4.50 மி.மீ. தலை பெல்லட் கொஞ்சம் தளர்வாகவே நுழைகிறது. 4.51 கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் வரும் என்று கடைக்காரர் சொல்கிறார்.