காணாத காரணி

பிரான்ஸில் மெர்சென் என்றொரு பாதிரியார். எத்தனை 2-களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று 1644-ல் ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-ஐயும் சேர்த்திருந்தார். 2⁶⁷−1 என்பது 147573952589676412927. துறவி சொன்ன சொல் இருநூறு வருஷத்துக்கு மேல் நின்றது. 1876-ல் லூகாஸ், அவரும் என்னைப் போல வாத்தியார்தான், அது பகா எண்ணே இல்லை என்று நிரூபித்தார். ஆனால் காரணி ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை! 1903-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் கோல் 193707721-ஐ 761838257287-ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். நடுவில் 27 வருஷம் அந்தக் காரணிகள் உண்டு என்று தெரியும், எவை என்று தெரியாது.

திருமலைக்கு நடந்து போகும்போது, அலிபிரிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில், அக்காவிடம் இதைச் சொன்னேன். "பாக்காததை நம்புறது நாங்க மட்டும்தான்னு நெனச்சேன், தம்பி" என்றாள்.

நம்பிக்கை இல்லை அக்கா, கணக்கு என்றேன். 4-ல் தொடங்கு, வர்க்கம் எடுத்து 2 கழி, சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், மறுபடி வர்க்கம். கடைசியில் மீதி பூஜ்யம் என்றால் பகா எண், இல்லாவிட்டால் இல்லை. லூகாஸ் போட்ட வழியை 1930-களில் லேமர் இப்படிச் செப்பனிட்டார். ஏழுமலையின் 7 என்பது 2³−1; அதற்கு ஒரே சுற்று: 16−2=14, ஏழால் மீதியின்றி வகுபடும். 67-க்கு 65 சுற்று. காரணியைத் தேடவே வேண்டாம்.

"2024-ல கண்டுபிடிச்ச பெரிய பகா எண்ணுக்கு நீ போட்டுப் பாத்தியா?"

மாட்டிக்கொண்டேன். 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1. மொத்தம் 4,10,24,320 இலக்கம். பக்கத்துக்கு 4000 இலக்கம் அச்சடித்தாலும் பத்தாயிரம் பக்கத்தைத் தாண்டும். அதன் கடைசி இலக்கம் 1 என்பது மட்டும் நானே காகிதத்தில் கண்டது. மற்றதெல்லாம் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கணினிகளில், வேறு வேறு நிரல்களால் போட்டுப் பார்த்துச் சொன்னது. அவர்கள் சொல்லை நான் ஏற்கிறேன். அக்கா இதை நம்பிக்கை என்கிறாள், சரி, நம்பிக்கைதான். ஆனால் தப்பென்று காட்ட யாருக்கும் தடையில்லை. மெர்சென் மாட்டியதும் அப்படித்தான்.

இன்னும் ஒன்று: 2¹²⁷⁷−1. 385 இலக்கம். பகா எண் இல்லை என்று நிரூபணம் உண்டு, காரணி ஒன்றும் இதுவரை அகப்படவில்லை. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் வழக்கு முற்றினால் குளித்துவிட்டு வந்து காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் என்றால் பெரிய ரௌடிக்கும் கால் நடுங்கும். அங்கே நின்று, யாரும் காணாத அந்தக் காரணி உண்டு என்று நான் தயங்காமல் சத்தியம் செய்வேன். கடவுள் உண்டு என்று அதே இடத்தில் சத்தியம் கேட்டால் செய்ய மாட்டேன், ஆனாலும் வருஷா வருஷம் படியேறுவேன். பக்தி போதவில்லை என்கிறாள் அக்கா. நான் ஒப்புக்கொள்வதில்லை.