காரணத்திற்கு விட்டுவைத்த இடம்

1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கினார். எண்களைக் குறிக்கும் மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லியபடியே சோழிகளைக் கூட்டியும் குறைத்தும், அவ்வாண்டுச் சந்திர கிரகணம் ஒன்றின் நேரத்தைக் கணித்துக் காட்டினார். அதைக் கண்ட ஐரோப்பியரான ஜான் வாரன், சென்னையில் வெளியிட்ட தம் 'கால சங்கலித' நூலில் பதிந்து வைத்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை ஏறக்குறைய 4 நிமிடம்.

சந்திரனை ராகு விழுங்குகிறான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சோழிகளிலோ ராகுவின் பகைக்கும் பசிக்கும் இடமில்லை. கிரகணம் நிழலால் ஆவது என்று 499இலேயே ஆரியபடர் சொல்லிவிட்டார். ஆனாலும் ராகு என்ற பெயர் மறையவில்லை; சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிக்கு உரியதாயிற்று. ராசிக்கு ஒன்றரை ஆண்டாகப் பின்னோக்கி நகரும் அந்த ராகுவுக்குக் கோபம் கிடையாது. பெயர் நின்றது, இச்சை நீங்கியது. இச்சையைச் சோழியில் வைத்து எண்ண முடியாதல்லவா?

அறிவியல் இயற்கையான காரணங்களை மட்டுமே கொள்ள வேண்டுமா என்ற வினாவை நான் இங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன். அந்தக் கட்டுப்பாட்டை இறைமறுப்பு என்று அஞ்சுவோரும் உண்டு, அதையே வெற்றி முழக்கமாக்குவோரும் உண்டு. இருவரும் அதன் இயல்பைத் தவறவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நியூட்டன் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர். கோள்களும் வால்மீன்களும் ஒன்றையொன்று இழுப்பதால் எழும் சிறு பிறழ்வுகள் நாளடைவில் பெருகி, இந்த அமைப்பையே மீண்டும் சீர்செய்ய வேண்டிய நிலை வரும் என்று தம் 'ஒளியியல்' நூலின் இறுதியில் எழுதினார். சீர்செய்யும் கை எவருடையது என்பதில் அவர் காலத்தவர்க்கு ஐயமில்லை. அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தையா கடவுள் படைத்தார் என்று 1715இல் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் வருந்திக் கேட்டார். அந்தக் கேள்வி பக்தியின் பக்கம் நின்று எழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அத்தகைய பிறழ்வாகத் தோன்றிய, வியாழன் மெல்ல விரைவதும் சனி மெல்லத் தளர்வதும் வானியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தன. வியாழனின் ஐந்து சுற்றுகளும் சனியின் இரண்டு சுற்றுகளும் ஏறத்தாழ ஒரே கால அளவின. அதனால் அவற்றின் பரஸ்பர இழுப்பு ஒரே திசையில் சேர்ந்து சேர்ந்து, சுமார் 900 ஆண்டுகளில் ஏறி இறங்கும் அலையாகிறது என்று 1785இல் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் காட்டினார். பழுதென்று தோன்றியது ஒரு நீண்ட தாளம். கடவுளின் கை என்ற விடையோடு அமைந்திருந்தால் அந்தத் தாளத்தைத் தேடும் தேவையே எவருக்கும் எழுந்திராது.

ஆயினும் எது இயற்கை என்ற எல்லைக்கோட்டை முன்கூட்டியே வரைந்து வைத்தவர் யார்? தொடாமலே, இடையில் ஒன்றுமில்லாமலே சூரியன் பூமியை இழுக்கிறது என்றால் அது ஓயாத அற்புதமே அன்றி வேறில்லை என்று அதே லைப்னிட்ஸ் நியூட்டனின் ஈர்ப்பைக் கண்டித்தார். அன்று அற்புதம் என்று தள்ளப்பட்டதை இன்று பள்ளிப் பிள்ளை இயற்கை என்றே படிக்கிறது. ஒருபுறம் ராகு தன் இச்சையை இழந்து கணக்குக்குள் வந்தான். மறுபுறம் ஈர்ப்பு தன் விளங்காமையை இழக்காமலே கணக்குக்குள் வந்தது. ஆகவே இயற்கை என்று நாம் குறிப்பது கல், மண், காற்று எனத் தெரிந்த பொருள்களின் பட்டியல் அன்று. நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும், கணிதருக்கும் அவர் எதிரே அமர்ந்த அந்நியனுக்கும் ஒரே முறையில் வெளிப்பட்டு, யார் எண்ணினாலும் அதே எண்ணைத் தரச் சம்மதிக்கும் ஒழுங்கே இயற்கை. அப்படிப் பார்த்தால் அறிவியலின் கட்டுப்பாடு உலகத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. ஆராய்வோர் ஏற்கும் நோன்பு அது. நோன்பிருப்பவர் உணவே இல்லை என்று சொல்வதில்லை. மீண்டும் நிகழாத, எவரும் சரிபார்க்க இயலாத ஒன்று உண்மையாகவே நேர்ந்திருந்தால் இந்த நோன்பு அதைக் காணத் தவறும். அந்த இழப்பை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வதே அறிவுடைமை. காணாததால் அது இல்லை என்று முடிப்பது நோன்பை வேதமாக்குவது.

1713இல் தம் 'பிரின்கிபியா' நூலின் இரண்டாம் பதிப்புக்கு நியூட்டன் ஒரு பின்னுரை சேர்த்தார். அதில் இறைவனைப் பற்றி உள்ளம் உருகிப் பக்கங்கள் எழுதுகிறார். அடுத்து, ஈர்ப்பின் காரணத்தை நிகழ்வுகளிலிருந்து தம்மால் இன்னும் வருவிக்க இயலவில்லை என்கிறார். கற்பிதம் செய்யவும் மறுக்கிறார். இறைவனைப் பாடிய அதே பேனா, சில வரிகள் தள்ளி அவனைக் கொண்டு அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டுவைத்தது. அங்கே எழுத 1915இல் ஐன்ஸ்டைன் வந்தார்.