எழுதுகோல் யார் கையில்?

பல்லுறுப்புக் கோவை என்பது, எக்ஸ் போன்ற ஒரு மாறியின் அடுக்குகளைக் கெழுக்கள் எனப்படும் எண்களால் பெருக்கி, அவ்வாறு கிடைக்கும் உறுப்புகளைக் கூட்டல், கழித்தல் குறிகளால் இணைத்து எழுதுவது. இந்த வரையறையை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார். இடறல் வேறிடத்தில் நிகழ்கிறது. தொடக்கப் பள்ளி முதல் அவர் செய்த கணக்குகள் பெரும்பாலும் ஓர் எண்ணில் வந்து முடிந்தவை. இப்போதோ ‘5 எக்ஸ் + 3’ என்பதே முழு விடையாகி நிற்க, நடுவில் கூட்டல் குறி இருக்கும்வரை வேலை மிச்சமிருக்கிறது என்று எண்ணி, இரண்டையும் சேர்த்து ‘8 எக்ஸ்’ என எழுதிவிடுகிறார். இதைக் கவனக்குறைவு என்று கடிவது எளிது. உண்மையில் அவர் பள்ளி பழக்கிய வழியிலேயே நடந்திருக்கிறார்.

இந்த இடத்தில் வீட்டார் செய்யும் உதவி எத்தகையது என்பது கணக்கோடு நின்றுவிடும் கேள்வி அன்று. அண்ணன் நோட்டை வாங்கிச் சரசரவென்று போட்டுக் கொடுக்கிறார்; ‘கைடு’ வரிவரியாக விடை தருகிறது; கைபேசியோ படம் பிடித்த மறுகணமே விடையைக் காட்டிவிடுகிறது. விடை பாடநூலின் கடைசிப் பக்கங்களிலேயே அச்சாகியிருக்கும்போது, இவர்கள் அனைவரும் மாணவரிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் மறுபடி கொடுக்கிறார்கள்.

இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கும்போது, ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் தனித்தனியே எடுத்துக் கூட்டினால் போதும் என்று நம்பும் மாணவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குச் சூத்திரத்தைச் சொல்லித் திருத்தினால் அடுத்த வாரமே அதே பிழை திரும்பி வரும். மாறாக, மூன்றையும் நான்கையும் வைத்துச் சரிபார்க்கச் சொன்னால், ஏழின் வர்க்கம் 49 என்றும், 9, 16 இரண்டின் கூட்டுத்தொகை 25 என்றும் அவரே கண்டு, விடுபட்ட 24 எங்கே போயிற்று என்று தேடத் தொடங்குவார். பக்கம் ஏழு அலகுள்ள ஒரு சதுரத்தை வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று, நான்கு எனப் பிரித்துக் கோடிட்டால், இரு சிறு சதுரங்களுக்கு அப்பால், ஒவ்வொன்றும் 12 சதுர அலகு கொண்ட இரண்டு செவ்வகங்கள் கண்ணில் படும். அந்தத் தேடலின்போது பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மிகக் கடினமான உதவி. அன்பு மிகுந்தவர்களுக்கு அது இன்னும் கடினம்.

முறையைப் பெறுவதும் அதை விளங்கிக்கொள்வதும் வேறு வேறு என்பதற்கு இயற்கணிதத்தின் வரலாறே சான்று. மாறியின் மூன்றாம் அடுக்கு வரை செல்லும் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை, 1539-இல் மிலான் நகரில், வெளியிடக் கூடாது என்ற உறுதிமொழியின் பேரில், கணித அறிஞர் தார்தாலியா ஒரு செய்யுள் வடிவில் மற்றொரு கணித அறிஞரான கார்டனோவுக்குக் கொடுத்தார்; நிறுவலைத் தரவில்லை. செய்யுள் கையில் இருந்தும் கார்டனோவுக்கு ஐயங்கள் தீரவில்லை. தம் மாணவர் ஃபெராரியின் துணையோடு நிறுவலைத் தாமே தேட வேண்டியிருந்தது. 1545-இல் ‘ஆர்ஸ் மேக்னா’ நூலில் அவர் அதை வெளியிட்டபோது மூண்ட சண்டை வேறு கதை. அவ்வளவு பெரிய அறிஞருக்கே போதாத செய்யுள், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாய்பாடாகப் போதும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கேட்பவருக்கும் ஒரு பங்கு உண்டு. ‘ஒன்றுமே புரியவில்லை’ என்பது முறையீடு. ‘இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது’ என்பதே கேள்வி. தெரியாத ஒன்றுக்கு எக்ஸ் என்று பெயரிட்டு, அதைக் கொண்டே மேலே செல்லும் துணிவுதான் இயற்கணிதம் என்றால், தன் குழப்பத்தின் இடத்தைச் சுட்டிக் காட்டும் மாணவர் பாடத்தின் உட்புறத்திற்கே வந்துவிட்டார். ஆயினும் பெரியவர் ‘புரிந்ததா?’ என்று கேட்டால், அவர் முகம் வாடக் கூடாதே என்று பிள்ளைகள் தலையாட்டிவிடுகிறார்கள். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, கெழுக்களை மட்டும் மாற்றி இன்னொரு கணக்கை எழுதிக் கொடுத்து, எழுதுகோலையும் பிள்ளையின் கையிலேயே விட்டுவிட்டு, பெரியவர்கள் சற்று நேரம் அடுத்த அறைக்குப் போய் இருக்கலாம்.